பார்த்தியக் காசில் இருப்பது எந்த அரசர்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: வெளிநாட்டு ஏலம் ஒன்றில் வாங்கிய, பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் வெள்ளிக் காசுக்கு விற்றவர் "முதலாம் கோதார்செஸ்" என்று சீட்டு எழுதித் தந்திருக்கிறார், படத்தைப் பார்த்த வேறொரு சேகரிப்பாளர் அது சினாத்ருகெஸ் காசு என்று அடித்துச் சொல்கிறார், காசிலோ இரண்டு பெயர்களில் ஒன்றுகூட இல்லை. யார் சொல்வது சரி, காசு அசல்தானா, இந்தத் துறையில் மேற்கொண்டு பணம் போடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அரசரின் சொந்தப் பெயரைச் சொல்லாத ஒரு காசுக்கு எதை வைத்து அரசரின் பெயரைச் சூட்டுகிறார்கள், அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. நாணயவியலை முறையாகப் படித்து, பண்டைய ஈரானியக் காசுகளைப் பல ஆண்டுகளாகப் பட்டியலிட்டு வருபவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே வாழ்ந்த பார்னி என்னும் குதிரைவீரர் கூட்டத்தின் தலைவர் அர்சாகெஸ், அலெக்சாந்தருக்குப் பின் அப்பகுதியை ஆண்ட செலூகியப் பேரரசின் பிடியிலிருந்து பார்த்தியா மாகாணத்தைப் பறித்தெடுத்தார். அவர் வழிவந்தவர்கள் தங்கள் ஆண்டுக் கணக்கைக் கி.மு. 247இலிருந்து எண்ணினார்கள். அந்த மரபு கி.பி. 224இல் சாசானிய வம்சத்தின் முதலாம் அர்தஷீரிடம் நான்காம் அர்தபானுஸ் தோற்று மடியும்வரை, ஏறத்தாழ நாலே முக்கால் நூற்றாண்டு நீடித்தது. இந்தக் காலம் முழுவதும் அரியணை ஏறிய ஒவ்வொருவரும் வம்சத்தைத் தொடங்கியவரின் பெயரான அர்சாகெஸ் என்பதையே தம் அரச பெயராக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே காசிலும் அந்தப் பெயரே பொறிக்கப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் "கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்து இயற்பெயர் இல்லாதபோது அது எந்தப் பரகேசரி என்று கல்வெட்டாய்வாளர் திணறுவதுபோலத்தான் இங்கும் நடக்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே பட்டங்கள் இரண்டு மாறி மாறி வரும். இங்கே எல்லாருக்கும் ஒன்றுதான்.

உங்கள் காசின் பின்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கையில் அமர்ந்து, நீட்டிய கையில் வில்லைப் பிடித்திருக்கும் ஒருவர். அவரைச் சுற்றிச் சதுரமாகக் கிரேக்க எழுத்துகள். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிற அளவில் அந்தப் பொறிப்பு "மாமன்னர் அர்சாகெஸின், தெய்வத் தந்தையை உடையவரின், வெற்றியாளரின்" காசு என்ற பொருளில் ஓடுகிறது. அமர்ந்திருக்கும் வில்லாளி திராக்மா எனப்படும் பார்த்திய வெள்ளிக் காசுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருபவர்தான். செலூகியக் காசுகளில் குவிந்த கல்லொன்றின்மேல் அம்பும் வில்லுமாக அமர்ந்திருந்த கிரேக்கத் தெய்வம் அப்பல்லோவின் இடத்தை, காற்சட்டையும் நாடோடிகளின் தலைமூடியும் அணிந்த இவர் பிடித்துக்கொண்டார் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அவர் வம்சத்தை நிறுவிய அர்சாகெஸா, வேறு யாராவது முன்னோரா, பழைய பாரசீக ஆளுநர்களின் காசுகளிலிருந்து வந்த உருவமா என்பதெல்லாம் இன்றும் வாதத்தில் இருப்பவை. முன்புறத்து அரசர் முகம் இடப்பக்கம் பார்ப்பதும் இவர்களின் தனி வழக்கம்தான்; கிரேக்க அரசர்களின் காசுகளில் முகம் பெரும்பாலும் வலப்பக்கம் பார்க்கும். கி.மு. 141இல் பாபிலோனியாவைக் கைப்பற்றிய முதலாம் மித்ரதாதெஸ், டைகிரிஸ் ஆற்றங்கரைச் செலூகியா நகரத்தில் அடித்த காசுகளில் மட்டும் கிரேக்கக் குடிமக்களுக்கு உகந்தபடி வலப்பக்கம் பார்க்கிறார். பின்புறத்தில் வில்லாளிக்குப் பதில் ஹெராக்ளிஸோ சீயுஸோ இருப்பார்கள்.

அந்தச் செலூகியா நகரத்து அக்கசாலைதான், அதாவது காசு அடிக்கும் இடம்தான், இந்த வரலாற்றுக்கு முதுகெலும்பு. அங்கே அடிக்கப்பட்ட நான்கு திராக்மா மதிப்புள்ள பெரிய காசுகளில், கிரேக்க எழுத்துகளையே எண்களாகக் கொண்டு ஆண்டு பொறித்தார்கள்; பல காசுகளில் மாசிடோனிய மாதப் பெயரும் உண்டு. அந்த ஆண்டுக் கணக்கு கி.மு. 312இல் தொடங்கும் செலூகிய சகாப்தம் என்பதில் ஐயம் இல்லை. ஆண்டும் மாதமும் தெளிவாக விழுந்த ஒரு காசு கிடைத்தால், அந்த மாதத்தில் அந்த நகரம் யார் கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். கி.மு. 26ஐ ஒட்டி நான்காம் பிராதெஸும் அவரை எதிர்த்துக் கிளம்பிய திரிதாதெஸும் மாறி மாறிச் செலூகியாவைப் பிடித்தது காசுகளில் மாதக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. தம்மை "ரோமரின் நண்பர்" என்று காசில் எழுதிக்கொண்ட ஒரே அர்சாகெஸ் அந்தத் திரிதாதெஸாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்கிறார்கள். ரோம வரலாற்று நூல்கள் பிற்காலத்தில், தூரத்திலிருந்து, பகைமையோடு எழுதப்பட்டவை. அவை குழப்பும் இடத்தில் இந்தக் காசுகளே தீர்ப்புச் சொல்கின்றன.

சிக்கல் என்னவென்றால், உங்களிடம் இருப்பது அந்தப் பெரிய காசு அல்ல. அது திராக்மா, இருபது மில்லிமீட்டர் அகலமும் நான்கு கிராமை ஒட்டிய எடையும் கொண்ட, ஈரானியப் பீடபூமி முழுவதும் புழங்கிய அன்றாட வெள்ளிக் காசு. திராக்மாக்களில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஆண்டு கிடையாது. வில்லாளியின் வில்லுக்குக் கீழே இருக்கும் கூட்டெழுத்து அக்கசாலையை மட்டும் காட்டும்: எக்பதானா, அதாவது இன்றைய ஹமதான், இன்றைய தெஹ்ரானின் தென்புறத்து ராகாய், துர்க்மெனிஸ்தானில் நிசாவை ஒட்டிய மித்ரதாத்கர்த் என்று அவை நீளும். ஆகவே ஒரு திராக்மாவுக்கு அரசரைக் கண்டுபிடிப்பது மறைமுகமான வேலை. முகத்தின் சாயலையும் கிரீடத்தையும் பட்டங்களின் வரிசையையும் கொண்டு காசுகளை வகைகளாகப் பிரிக்க வேண்டும். ஆண்டு பொறித்த பெரிய காசுகளில் அதே முகம் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். எந்த வகைக்குப் பின் எந்த வகை வந்தது என்று பாணியை வைத்து அடுக்க வேண்டும். கடைசியாகத்தான் அந்த வரிசையின்மேல் நூல்களில் கிடைக்கும் அரசர் பெயர்களைப் பொருத்த வேண்டும். முதல் மூன்று படிகள் காசைக் கண்ணால் பார்த்துச் செய்பவை. நான்காவது, பல இடங்களில், அறிவார்ந்த ஊகம்.

பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் செல்வுட் 1971இலும், திருத்தி 1980இலும் வெளியிட்ட வகைப்பாட்டு எண்களையே ஏலக்காரர்களும் அருங்காட்சியகங்களும் இன்றுவரை கையாள்கிறார்கள். உங்கள் காசின் கிரீடத்து உச்சியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கழுத்தை நிமிர்த்திய சிறு மான்கள் வரிசையாக ஓடுவது தெரியும். அந்த மான் வரிசையும் நான் மேலே சொன்ன பட்டங்களும் சேர்ந்தால் அது செல்வுட் 33ஆம் வகை. இதுவரை சொன்னதில் சண்டைக்கு இடமில்லை. சண்டை இதற்குமேல்தான். செல்வுட் இந்த வகையை முதலாம் கோதார்செஸுக்குக் கொடுத்தார். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபர்ஹாத் அசார் முதலானோர் வரிசையை மறுபடி அடுக்கியபோது இது சினாத்ருகெஸுக்கு மாற்றப்பட்டது. பெரிய ஏல நிறுவனங்கள் பலவும் இப்போது அதையே பின்பற்றி, செல்வுட் சொன்ன பெயரை அடைப்புக்குறிக்குள் வைக்கின்றன. உங்களுக்கு விற்றவர் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார், அந்தச் சேகரிப்பாளர் புதியதைப் பார்த்துச் சொல்கிறார், இருவரும் ஏமாற்றவில்லை.

எது சரி என்பதற்கு, இந்த இடத்து வரலாறு எவ்வளவு இருண்டது என்று தெரிய வேண்டும். இரண்டாம் மித்ரதாதெஸ், மெசொப்பொத்தாமியாவிலிருந்து மத்திய ஆசியாவரை அதிகாரத்தை விரித்து, "அரசர்க்கரசர்" என்ற பட்டத்தைக் காசில் ஏற்றியவர், அவர் கி.மு. 91 வாக்கில் மறைந்ததிலிருந்து கி.மு. 57இல் இரண்டாம் ஒரோதெஸ் வரும்வரை உள்ள முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளை ஆய்வாளர்கள் பார்த்தியாவின் இருண்ட காலம் என்றே அழைக்கிறார்கள். போட்டி அரசர்கள் பலர். நூற்சான்று மிகச் சில. வெளிச்சம் வருவது எதிர்பாராத இடங்களிலிருந்து. பாபிலோனில் வானத்தைத் தினமும் பார்த்துக் களிமண் பலகையில் குறித்துவந்த பூசாரிகள், ஆண்டைக் குறிக்கும்போது வழக்கமாக "அர்சாகெஸ் அரசர்" என்றே எழுதுவார்கள். ஒரே நேரத்தில் இருவர் அரசுரிமை கோரிய இந்தக் காலத்தில் மட்டும் "கோதார்செஸ் எனப்படும் அர்சாகெஸ்" என்று கி.மு. 90ஐ ஒட்டியும், "ஒரோதெஸ் எனப்படும் அர்சாகெஸ்" என்று கி.மு. 80இலும் பெயரைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். நிசாவில் மதுச்சாடிகளின் கணக்கு எழுதிய ஓட்டுச் சில்லுகளிலும் அரசரின் வம்சாவளி பற்றிய ஒன்றிரண்டு வரிகள் அகப்பட்டன. ஆக, கோதார்செஸ் என்று ஓர் அரசர் இருந்தது உறுதி. சினாத்ருகெஸ் இருந்ததும் உறுதி; எண்பதாம் வயதில் மத்திய ஆசிய நாடோடிகளான சகர்கள் அவரை அழைத்துவந்து அரியணையில் அமர்த்தினார்கள், ஏழாண்டு ஆண்டார் என்று கிரேக்க எழுத்தாளர் லூசியன் குறிப்பிடுகிறார். உறுதியில்லாதது ஒன்றே ஒன்று: மான் கிரீடம் அணிந்த இந்த முகம் இவர்களில் யாருடையது என்பது.

என் கருத்தைக் கேட்டால், சினாத்ருகெஸ் பக்கம் தராசு சற்றுத் தாழ்கிறது என்பேன். முகம் வயதான முகம். பாணியைப் பார்த்தால் இந்தக் காசுகள் அவருக்குப் பின் வந்த மூன்றாம் பிராதெஸின் காசுகளை நெருங்கி நிற்கின்றன. ஆனால் "எண்பது வயது" என்பதைக் காசின் முகத்தோடு பொருத்திப் பார்ப்பவர்களை நான் ஏற்பதில்லை. அச்சு வெட்டியவர் அரசரின் சுருக்கங்களை எண்ணுவதற்காக வேலைக்கு வைக்கப்படவில்லை. அந்த முகம் ஐம்பதுக்கும் பொருந்தும், எழுபதுக்கும் பொருந்தும். "தெய்வத் தந்தையை உடையவர்" என்ற பட்டத்தை வைத்து வாதாடுவதும் அப்படித்தான். தந்தையோ முன்னோரோ அரசாண்ட எவரும் உரிமை கொண்டாடக்கூடிய பட்டம் அது, இரு தரப்புக்கும் உதவாது. ஆகவே உறையில் "செல்வுட் 33" என்று முதலில் எழுதி, அக்கசாலையை எழுதி, அரசர் பெயரைக் கேள்விக்குறியோடு கடைசியில் எழுதுங்கள். பெயர்கள் இன்னும் மாறும், எண் மாறாது. செல்வுட் பெயர் தெரியாத அரசர் என்று விட்ட 30ஆம் வகைக்கும், மேதிய நாட்டுத் தாரியுஸாக இருக்கலாம் என்று கருதிய, முகம் நேரே நம்மைப் பார்க்கும் 35ஆம் வகைக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. முன்னது இப்போது, இயற்பெயர் தெரியாததால் எண்ணால் மட்டும் குறிக்கப்படும் பதினாறாம் அர்சாகெஸுக்கும் பின்னது மூன்றாம் பிராதெஸுக்கும் போயிருக்கின்றன.

முகத்தை வைத்து அரசரைப் பிரிப்பது அடிப்படையிலேயே சரியான முறைதானா என்ற ஐயம் எழலாம். அதற்குச் சமகாலச் சாட்சி ஒன்று சீனாவிலிருந்து கிடைக்கிறது. கி.மு. 100ஐ ஒட்டி எழுதிய ஹான் அரசவை வரலாற்றாசிரியர் சிமா சியென், பார்த்தியாவை அன்ஷி என்ற பெயரில் வருணிக்கும்போது, அங்கே வெள்ளியில் காசு அடிக்கிறார்கள், காசில் அரசரின் முகம் இருக்கிறது, அரசர் இறந்ததும் காசை மாற்றிப் புதிய அரசரின் முகத்தைப் பொறிக்கிறார்கள் என்று எழுதுகிறார். சீனாவில் நடுவில் சதுர ஓட்டையுள்ள, உருவமே இல்லாத வெண்கலக் காசு புழங்கிய காலம் அது. அந்தக் கண்ணுக்கு முகமுள்ள காசு விந்தையாகப் பட்டதில் வியப்பில்லை. அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நிறைவடைந்த அடுத்த ஹான் வரலாறு, காசின் முன்புறம் அரசர் முகமும் பின்புறம் அரசியின் முகமும் இருக்கும் என்று மாற்றிச் சொல்கிறது. பார்த்தியக் காசுகளில் அரசியின் முகம் பின்புறம் இருப்பது ஒரே ஆட்சியில்தான்: கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை ஆண்ட பிராதாகெஸும் மூசாவும்.

அந்த மூசாவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ், நான்காம் பிராதெஸுக்குப் பரிசாக அனுப்பிய இத்தாலிய அடிமைப் பெண் அவர் என்றும், அரசரின் மனத்தைக் கவர்ந்து அரசியாகி, தன் மகன் பிராதாகெஸுக்கு வழிசெய்யக் கணவரையே கொன்றார் என்றும், பின்னர் மகனோடே முறைகேடான உறவு வைத்திருந்ததாகக் குடிகள் கொதித்தெழுந்தார்கள் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். ஏல விவரணங்களில் இந்தக் கதை ஒன்றுவிடாமல் வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். காசு நமக்கு உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: முன்புறத்தில் பிராதாகெஸின் தலைக்கு இருபுறமும் வெற்றித் தேவதைகள் மாலை நீட்டுகிறார்கள், பின்புறத்தில் மூன்றடுக்குக் கிரீடம் சூடிய பெண், "விண்ணகத் தேவி மூசா அரசி" என்று தம் சொந்தப் பெயரோடு நிற்கிறார். மகனுக்குச் சமமான இடத்தில் தாய் ஆட்சியில் பங்குகொண்டார் என்பதற்கு அது போதுமான சான்று. கொலைக்கும் உறவுக்கும் சான்று ஜோசஃபஸ் ஒருவர்தான். வெளிநாட்டு அரசவைப் பெண்களைப் பற்றி அந்தக் காலத்து எழுத்தாளர்கள் எதையெல்லாம் நம்பினார்கள் என்று அறிந்தவர்கள் அதை அப்படியே விழுங்க மாட்டார்கள்.

இயற்பெயர் சொல்லும் காசுகள் அறவே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ரோமில் வளர்ந்து திரும்பிய முதலாம் வொனோனெஸ், கி.பி. 8 முதல் 12 வரையிலான தம் குறுகிய ஆட்சியில், "அர்தபானுஸை வென்ற ஒனோனெஸ் அரசர்" என்று திராக்மாவிலேயே பறைசாற்றிக்கொண்டார். கடைசியில் அந்த அர்தபானுஸிடமே நாட்டை இழந்தார். முதல் நூற்றாண்டின் நடுவில் முதலாம் வொலகாசெஸ் காலத்தில், தலைக்குப் பின்னால் பார்த்திய எழுத்துகள் இரண்டு, அவர் பெயரின் தொடக்கமாக, முதன்முதலில் தோன்றுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் பார்த்திய எழுத்தில் முழுப்பெயரும் வரத் தொடங்குகிறது. அதே வேகத்தில் கிரேக்கப் பொறிப்பு சிதைந்து வெறும் கோடுகளாகிவிடுகிறது. எழுத்து வாசிக்க முடியவில்லை என்பதற்காகப் பிற்காலத் திராக்மாவைப் போலி என்று ஒதுக்குவது புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் ஐயமின்றி அடையாளம் காணக்கூடியவையும் நிறைய. முகத்தைச் சுற்றி விண்மீனும் பிறையும் இருந்தால் பெரும்பாலும் கி.மு. 53இல் கார்ரேயில் ரோமத் தளபதி கிராசுஸின் படை அழிந்தபோது ஆண்ட இரண்டாம் ஒரோதெஸ்; தலைக்குப் பின்னால் மாலை கவ்விய கழுகு இருந்தால் நான்காம் பிராதெஸ். இவர்கள் இருவர் நெற்றியிலும் ஒரு பரு தெரியும். பிராதாகெஸிடமும் அது தொடர்கிறது. பரம்பரைத் தோல்நோய் என்று மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள், வம்ச உரிமையைக் காட்ட வேண்டுமென்றே பொறித்த அடையாளம் என்பவர்களும் உண்டு. இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நிரூபிக்க வழி இல்லை.

இடையில் கொண்டோபாரெஸ் காசு பார்த்தியக் காசில் சேருமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேராது, ஆனால் பக்கத்து வீடு. கி.பி. முதல் நூற்றாண்டில் சீஸ்தான், காந்தாரம், பஞ்சாப் பகுதிகளை ஆண்ட இந்தோ-பார்த்திய அரசர் அவர். அர்சாகெஸ் வம்சத்தவர் அல்ல, ஆகவே காசில் தம் சொந்தப் பெயரையே கிரேக்கத்திலும், வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டியிலும் போட்டுக்கொண்டார். மயிலாப்பூர் மரபோடு பிணைந்த புனித தோமாவை இந்திய அரசர் ஒருவரின் அவைக்கு அனுப்பும் பழைய சிரியக் கதையில் வரும் அரசர் பெயர் இதுவே. அப்படி ஓர் அரசர் வாழ்ந்தார் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கிடைத்த காசுகள்தான் உறுதிசெய்தன. காசு அரசரை உறுதிசெய்கிறது. தோமா அங்கே போனதை அல்ல.

இனி, உங்கள் காசு அசலா என்பது. படத்தை வைத்து யாராவது "நூறு சதவீதம் அசல்" என்று எழுதினால் அவர் சொல்லை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் போலி என்று சொல்ல முடியும் சில நேரங்களில். அசல் என்று சொல்லக் காசு கைக்கு வர வேண்டும். உங்கள் படத்தில் எனக்கு உறுத்தும்படி எதுவும் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. விளிம்பைச் சுற்றி நீளமாக ஒரு தழும்போ, அதை அரத்தால் தேய்த்த தடமோ இருந்தால் அது வார்ப்புப் போலி. பரப்பில் நுண்ணிய குழிகளும், சோப்புக்கட்டியில் எழுதியதுபோல் மழுங்கிய எழுத்துகளும் அதே கதையைச் சொல்லும். அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய மெல்லிய கோடுகளும், விளிம்பில் இயல்பான வெடிப்புகளும் இருக்கும். முன்புறத்து முகத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, காசைப் பக்கவாட்டில் திருப்பினால் வில்லாளியும் பெரும்பாலும் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் உலர்ந்த எடையையும், நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்துக் குறையும் எடையையும் பாருங்கள்: சுத்த வெள்ளியின் ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 10.49; நான்கு கிராம் எடையுள்ள நல்ல திராக்மா நீரில் 0.39 கிராமை ஒட்டி இழக்க வேண்டும். தராசு 0.01 கிராம் பிசகினாலே விடை 10.0க்கும் 10.5க்கும் இடையே ஆடும் என்பதால் இது செம்பின்மேல் வெள்ளி பூசியதைப் பிடிக்கும், அதற்குமேல் பிடிக்காது. நல்ல வெள்ளியில் புது அச்சு வைத்து அழுத்திய போலி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்கு ஒரே மருந்து ஒப்பீடு: உங்கள் காசின் விளிம்பு வெடிப்பும் அச்சு விலகலும் அப்படியே இன்னொரு காசிலும் இருந்தால் இரண்டில் ஒன்று, பெரும்பாலும் இரண்டுமே, போலி. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சிலிருந்து வரலாம். ஒரே விளிம்போடு வர முடியாது.

ஒரு கெஞ்சலும் உண்டு. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கும் விபூதியும் புளியும் இந்தக் காசின் பக்கமே போகக் கூடாது. பட்டறையில் கொடுத்து மெருகேற்றவும் வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். மேலே படிந்த கருமையைச் சுரண்டினால் மான்களும் சேர்ந்தே போய்விடும். வெந்நீரும் இல்லாமல், வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஒற்றியெடுப்பதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மென்மையான பிவிசி நெகிழி உறைகளும் காலப்போக்கில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். காகித உறை போதும்.

மேற்கொண்டு வாங்கலாமா என்றால், பணத்தைப் பெருக்கும் நோக்கம் இருந்தால் வேண்டாம் என்பேன், வரலாற்றுக்காக என்றால் இதைவிட நல்ல துறை குறைவு. இரண்டாம் மித்ரதாதெஸ், இரண்டாம் ஒரோதெஸ், நான்காம் பிராதெஸ், மூன்றாம் வொலகாசெஸ் ஆகியோரின் திராக்மாக்கள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. ஏதென்ஸ் ஆந்தைக் காசுக்குக் கொடுக்கும் விலையில் இவற்றில் சிலவற்றை வாங்கிவிடலாம். பார்த்தியர் தங்கத்தில் காசு அடித்ததற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. ஆகவே "பார்த்தியத் தங்கக் காசு" என்று யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எல்லா அரசரையும் நிரப்ப ஓடுவதைவிட, எக்பதானா அக்கசாலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அல்லது இந்த இருண்ட காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வகை வகையாகச் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே அக்கசாலையின் காசுகளை வரிசையாக வைக்கும்போதுதான் கூட்டெழுத்தின் வடிவம் மாறுவதும், வில்லாளி கல்லிலிருந்து இருக்கைக்கு மாறுவதும், எழுத்து சிதைவதும் கண்ணுக்குப் படும்.

ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விலைக்கு முன்னால் கேளுங்கள். செலூகியா இன்றைய ஈராக்கில் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 6க்குப் பின் ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக எடுத்துச்செல்லப்பட்ட பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2003இல் 1483ஆம் தீர்மானத்தில் எல்லா நாடுகளையும் பணித்திருக்கிறது. ஈரானிலிருந்து பழம்பொருள்கள் அனுமதியின்றி வெளியேறுவதும் குற்றமே. தோண்டியெடுத்தவர் யாரென்றே தெரியாத காசில் இன்னொரு இழப்பும் உண்டு: எந்தப் புதையலில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி அழிந்துபோகிறது. கோதார்செஸா சினாத்ருகெஸா என்ற உங்கள் கேள்விக்கே முறையாகப் பதிவான ஒரு புதையல் விடை சொல்லியிருக்கக்கூடும். இந்தியாவில் இருப்பவராதலால் இதையும் மனத்தில் வையுங்கள்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஒருமுறை இங்கே வந்த காசை வெளிநாட்டு ஏலத்தில் திரும்ப விற்க முடியாது என்று தெரிந்தே வாங்க வேண்டும். நான் வழக்கறிஞன் அல்ல. சுங்க வரி, இறக்குமதி விதிகள் பற்றி அத்துறை அறிந்த ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் காசுக்குச் செய்ய வேண்டியது, விற்றவருக்கு எழுதி, அது முன்பு யாருடைய சேகரிப்பில் இருந்தது, எந்த ஆண்டு ஏலத்தில் வந்தது என்று கேட்டு, அந்தச் சீட்டுகளையும் விலைப்பட்டியலையும் பெற்றுக் காசோடு வைப்பது. திருப்பித் தருவதற்கான காலம் இன்னும் கடந்திருக்காது என்றால், நீரில் எடை பார்க்கும் சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள். வில்லுக்குக் கீழே கூட்டெழுத்து ஏதும் தெரிந்தால் அதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பினால் அக்கசாலை எது என்று பார்த்துச் சொல்கிறேன்.